மெய்ப்பிக்கப்படாத குற்றத்துக்கு ஓராண்டுச் சிறை: வடசென்னையும் குண்டர் சட்டமும்

வடசென்னையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கட்சிப் பேச்சாளர்கள், ஓய்வு பெற்ற காவல் அதிகாரிகள், தொலைக்காட்சி விவாதங்களில் அமர்வோர் என எல்லாத் தரப்பினரும் ஏறத்தாழ ஒரே குரலில் முன்வைக்கும் கருத்து ஒன்று உண்டு. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் ரவுடிகளின் கொட்டத்தை அடக்க வழக்கமான குற்றவியல் சட்டம் போதாது. நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துவிடும், சாட்சிகள் பிறழ்ந்துவிடுவார்கள், வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஆகவே ஆளைக் ‘குண்டாஸில் போடுவது’ ஒன்றே மக்கள் நிம்மதியாக இருக்க வழி என்பதே அந்தக் கருத்து. திரைப்படங்கள் இந்தப் பகுதிக்குத் தீட்டிய கத்தியும் இரத்தமுமான சித்திரம் இதற்கு நெடுங்காலமாக உரமிட்டு வந்திருக்கிறது. பெரும்பான்மை ஏற்பைப் பெற்றிருந்தாலும் இக்கருத்து தவறானது. வழக்கமான சட்டம் தோற்றுப்போனதால் குண்டர் சட்டம் தேவைப்படுகிறது என்பது உண்மையன்று. குண்டர் சட்டம் கைவசம் இருப்பதனாலேயே வழக்கமான சட்டத்தை ஒழுங்காக நடத்த வேண்டிய கட்டாயம் காவல்துறைக்கு இல்லாமல் போயிற்று என்பதே உண்மை.

இந்த வாதத்துக்குள் இறங்குமுன் ஒன்றை ஒப்புக்கொள்வது நேர்மை. மக்களின் அச்சம் கற்பனையன்று. மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய கடைகளிலும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலைகளிலும் மாமூல் கேட்டு மிரட்டப்படும் சிறு வியாபாரியும் ஓட்டுநரும், பழிக்குப் பழி என்று தொடரும் கொலைகளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரும் இதே பகுதியின் மக்கள்தாம். அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. அந்தப் பாதுகாப்பை இந்தச் சட்டம் தந்திருக்கிறதா, தர இயலுமா என்பதே கேள்வி.

பேச்சு வழக்கில் ‘குண்டாஸ்’ எனப்படுவது 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14. கள்ளச்சாராயக்காரர்கள், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள், விபச்சாரத் தொழில் குற்றவாளிகள், குடிசைப்பகுதி நில அபகரிப்பாளர்கள் ஆகியோரின் ‘அபாயகரமான செயல்களை’த் தடுப்பதற்கென எம்.ஜி.ஆர். ஆட்சியில் இயற்றப்பட்டது. வனக் குற்றவாளிகள், 2004இல் திருட்டு வீடியோ தயாரிப்போர், பின்னர் மணல் கடத்துவோர், 2014இல் பாலியல் குற்றவாளிகள், இணையவழிக் குற்றவாளிகள் என அதன் பட்டியல் நீண்டுகொண்டே வந்தது. இது தண்டனைச் சட்டம் அன்று, தடுப்புக்காவல் சட்டம். ஒருவர் செய்த குற்றத்துக்காக விசாரித்துத் தண்டிப்பதற்கு மாறாக, இனிமேல் பொது ஒழுங்குக்குக் கேடான செயலில் ஈடுபடக்கூடும் என்று அதிகாரி ஒருவர் மனநிறைவு கொண்டால் போதும், விசாரணை ஏதுமின்றி 12 மாதங்கள் வரை சிறையில் வைக்கலாம் என்பதே இதன் சாரம். மாவட்டங்களில் அந்த அதிகாரி ஆட்சித்தலைவர். சென்னையிலோ மாநகரக் காவல் ஆணையரே அவர். பரிந்துரைக்கும் காவல் ஆய்வாளரும் ஆணையிடும் ஆணையரும் ஒரே துறையைச் சேர்ந்தவர்கள் என்பதால், வடசென்னைக்காரர் ஒருவரின் ஓராண்டுச் சுதந்திரம் காவல்துறைக்கு வெளியே எவரையும் கேட்காமலே முதலில் பறிபோகிறது. 12 நாட்களுக்குள் அரசின் ஒப்புதல் வேண்டும், மூன்று வாரங்களுக்குள் அறிவுரைக் கழகத்தின் முன் கோப்பு வைக்கப்பட வேண்டும், அந்தக் கழகம் ஏழு வாரங்களுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் பிரிவுகள் இருப்பது உண்மையே. ஆனால் அறிவுரைக் கழகத்தின் முன் தமக்காக வாதாட ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை, சிறைப்பட்டவருக்கு இச்சட்டத்தில் இல்லை. பள்ளிப்படிப்பை இடையில் விட்ட ஒரு மீன்பாடி வண்டி ஓட்டுநர், நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட ஆவணத் தொகுப்பைத் தாமே படித்துத் தமக்காகத் தாமே வாதாட வேண்டும் என்பதே இதன் பொருள்.

அந்த ஆவணத் தொகுப்பைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. தொகுப்பின் முன்பகுதியில் முந்தைய வழக்குகளின் பட்டியல் இருக்கும். இவை விசாரணையில் நிலுவையில் இருப்பவை, பெரும்பாலும் எவையும் மெய்ப்பிக்கப்படாதவை. அடுத்து, தடுப்புக்காவலுக்கு உடனடிக் காரணமாகச் சொல்லப்படும் கடைசி வழக்கு. வடசென்னையின் எந்தக் காவல் நிலையத்திலிருந்து வந்த ஆணையானாலும் இந்தக் கடைசி வழக்கின் விவரிப்பு வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபோலவே இருக்கும். தெருவில் நடந்து சென்ற ஒருவரை வழிமறித்துப் பட்டாக்கத்தியைக் காட்டிப் பணம் பறித்தார், உதவிக்கு வந்தவர்களை ‘கிட்ட வந்தா வெட்டிடுவேன்’ என்று மிரட்டினார், பொதுமக்கள் நாலாபுறமும் சிதறி ஓடினர், கடைக்காரர்கள் கடைகளை அடைத்தனர், போக்குவரத்து பாதிக்கப்பட்டது. கடைகள் அடைக்கப்பட்டதும் போக்குவரத்து நின்றதும் தற்செயலாக எழுதப்படுபவை அல்ல. ராம் மனோகர் லோகியா வழக்கில் 1965ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மூன்று வட்டங்களை உருவகித்தது: பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதனுள் அடங்கிய சிறு வட்டம் பொது ஒழுங்கு, அதனினும் சிறியது நாட்டின் பாதுகாப்பு. தனியொருவருக்கு இழைக்கப்படும் தீங்கு சட்டம் ஒழுங்கைப் பாதிக்கலாம். ஊரார் வாழ்க்கையின் சீரான ஓட்டத்தையே குலைப்பதுதான் பொது ஒழுங்கைப் பாதிக்கும். தடுப்புக்காவல் இரண்டாவதற்கு மட்டுமே உரியது. ஆகவே ஒரு வழிப்பறிப் புகார் பொது ஒழுங்குக் கேடாக வளர வேண்டுமென்றால், தெருவே ஓடியாக வேண்டும். ஓடியவர் யார், அடைக்கப்பட்ட கடை எது என்ற கேள்விகளைச் சாட்சிக் கூண்டில் எவரும் எப்போதும் கேட்கப்போவதில்லை. ஏனெனில் தடுப்புக்காவலில் சாட்சிக் கூண்டே கிடையாது.

ஜாமீன் வாதத்தின் உண்மை நிலையும் இந்தத் தொகுப்பிலேயே வெளிப்படுகிறது. குண்டர் சட்ட ஆணை பிறப்பிக்கப்படும் நாளில் அந்த நபர் பெரும்பாலும் தெருவில் கத்தியோடு திரிந்துகொண்டிருப்பதில்லை. நீதிமன்றக் காவலில், புழல் சிறையில் இருக்கிறார். அவர் ஜாமீனில் வந்துவிடும் வாய்ப்பு இருக்கிறது, வந்தால் மறுபடியும் குற்றம் செய்வார் என்பதே ஆணையின் அடித்தளம். தலைகால் புரியாமல் அவசரப்பட்டு எழுதப்பட்ட ஆணைகளில், அவர் ஜாமீன் மனுவே போடாத நிலையிலும் இந்த வாக்கியம் இடம்பெற்றிருக்கிறது. சென்னைக் காவல் ஆணையரின் இத்தகைய ஆணை ஒன்றைத்தான் 2011ஆம் ஆண்டு ரேகா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. காலாவதியான மருந்துகளுக்குப் புதிய முகப்புச் சீட்டு ஒட்டி விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் தொடர்பான வழக்கு அது. மிகக் கொடிய குற்றச்சாட்டு. இருந்தும், அச்செயலைத் தண்டிக்க வழக்கமான சட்டம் போதுமானதாக இருக்கும்போது தடுப்புக்காவலை நாடுவது சட்டவிரோதம் என்றும், ஒத்த வழக்குகளில் ஜாமீன் கிடைக்கிறது என்று விவரமின்றிச் சொல்வது போதாது என்றும் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. இதன் உட்பொருள் தெளிவானது. ஜாமீன் தருவதா வேண்டாமா என்பது நீதிபதி முடிவு செய்ய வேண்டிய விஷயம். அவர் தந்துவிடுவார் என்று அஞ்சி அதிகாரி ஒருவர் முன்கூட்டியே கதவைப் பூட்டுவது நீதித்துறையின் அதிகாரத்தை நிர்வாகம் கையகப்படுத்துவதாகும். ஜாமீனில் வந்தவர் சாட்சியை மிரட்டினால் அந்த ஜாமீனை ரத்து செய்யக் கோரும் வழி சட்டத்தில் எப்போதும் இருந்திருக்கிறது. கேரளத்தின் இதையொத்த சட்டம் ஒன்றில் எழுந்த வழக்கில் 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் இதையே எடுத்துரைத்தது. ஆனால் ஜாமீனை ரத்து செய்ய நீதிபதியின் முன் ஆதாரம் காட்ட வேண்டும். ஆணையரின் முன் அது தேவையில்லை.

உயர் நீதிமன்றம் இந்த ஆணைகளைப் பெருமளவில் ரத்து செய்வதைச் சுட்டினால், குண்டர் சட்ட ஆதரவாளர்கள் சொல்லும் மறுமொழி ஒன்றுண்டு: எல்லாம் சின்னச் சின்னத் தொழில்நுட்பக் காரணங்களுக்காகத்தான், பக்கம் தெளிவாகப் படியவில்லை, மொழிபெயர்ப்பு பிழை, முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம் என்பவற்றைப் பிடித்துக்கொண்டு ரவுடிகள் வெளியே வந்துவிடுகிறார்கள் என்பது. இந்த மறுமொழியைப் போல அரசியல் சட்டத்தை அவமதிக்கும் பேச்சு வேறில்லை. கைதான 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தப்படும் உரிமையையும் விருப்பமான வழக்கறிஞரைக் கலந்து பேசும் உரிமையையும் அரசியல் சட்டத்தின் 22ஆவது கூறே தடுப்புக்காவல் கைதிகளிடமிருந்து எடுத்துவிட்டது. அதற்கு ஈடாக அது விட்டுவைத்தவை இரண்டே இரண்டு: எதற்காகச் சிறைவைக்கப்பட்டோம் என்பதைத் தெரிந்துகொள்வது, அதற்கு எதிராக விரைவில் முறையிடுவது. படிக்க முடியாத நகலைக் கொடுப்பது முதல் உரிமையைப் பறிப்பது. முறையீட்டை மேசையில் கிடத்துவது இரண்டாவதைப் பறிப்பது. விசாரணை என்னும் மாளிகையையே இடித்துவிட்டு, மிஞ்சிய இரண்டு செங்கற்களையும் தொழில்நுட்பம் என்று தள்ளிவிடுவது என்ன நியாயம்? அதோடு, ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வந்து ஆணை ரத்தாகும்போது அந்த நபர் பல மாதங்களைச் சிறையில் கழித்து முடித்திருப்பார். இழந்த அந்த மாதங்களுக்கு எந்த இழப்பீடும் இச்சட்டத்தில் இல்லை. ஆணை செல்லாது என்று பின்னால் தெரிந்தாலும் பாதிப்பு முழுமையாக நிகழ்ந்துவிடுகிறது என்பதைக் காவல்துறை நன்கு அறியும். ரத்தாகும் என்று தெரிந்தே ஆணைகள் குவிவதற்கு வேறு விளக்கம் கிடைப்பது அரிது.

அறிவுரைக் கழகம் சரிபார்க்கிறதே என்று சொல்வோருக்கு, அக்கழகங்கள் வெறும் முத்திரை குத்தும் அமைப்புகளாக ஆகிவிடக் கூடாது என்று 2024 மார்ச்சில் தெலங்கானா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் எச்சரிக்க நேர்ந்ததே விடையாகும்.

‘ஒழுங்காக இருப்பவன் எதற்குப் பயப்பட வேண்டும்’ என்பது இந்த விவாதத்தில் மிக எளிதாகக் கைதட்டல் பெறும் வாக்கியம். 2017ஆம் ஆண்டு மெரினாவில் ஈழத் தமிழர்களுக்கு நினைவேந்தல் நடத்த முயன்றதற்காக மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தியும் தோழர்களும் இதே சட்டத்தில் அடைக்கப்பட்டார்கள். அதே ஆண்டில் சேலத்தில், போராடி வந்த கதிராமங்கலம், நெடுவாசல் மக்களுக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்த மாணவி ஒருவரும் அடைக்கப்பட்டார். இந்த ஆணைகளை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பரில் ரத்து செய்தது. கத்தி எடுத்தவருக்கென்று செய்த சட்டம் மெழுகுவத்தி எடுத்தவர் மீது பாய்ந்ததற்குக் காரணம், ஆதாரம் தேவையில்லாத அதிகாரத்துக்குக் கத்தியையும் மெழுகுவத்தியையும் பிரித்தறிய வேண்டிய அவசியமே எழுவதில்லை என்பதுதான்.

இன்னொரு செய்தியை எண்ணூர் மக்கள் அறிந்துவைத்திருக்க வேண்டும். பொது ஒழுங்கு எப்போது பாதிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்பதற்கு இச்சட்டம் தரும் விளக்கத்தில், பொதுமக்களிடையே அச்சம், பாதுகாப்பின்மை என்பவற்றோடு, உயிருக்கோ பொதுச் சுகாதாரத்துக்கோ சூழல் அமைப்புக்கோ பரவலான பேராபத்து என்ற சொற்களும் இடம்பெற்றுள்ளன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து வந்த எண்ணெய்க் கழிவு எண்ணூர்ச் சிற்றாறு முழுவதும் படர்ந்து, படகும் வலையும் கரையும் கருப்பேறி, மீனவர்கள் வாளிகளில் அந்தக் கழிவை அள்ளினார்கள். அதே மாதம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் கடற்கரையை ஒட்டிய கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியா, உறக்கத்திலிருந்த குடும்பங்களை மூச்சுத் திணறத் திணறத் தெருவுக்கு ஓடவைத்தது. பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். காவல் ஆவணங்களில் காகிதத்தில் ஓடும் தெரு அன்று மெய்யாகவே ஓடியது. இந்தக் கசிவுகளுக்குக் காரணமான நிறுவனங்களின் பொறுப்பாளர்களைத் தடுப்புக்காவலில் அடைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம் அன்று. விசாரணையின்றி எவரையும் அடைக்கக் கூடாது என்பதுதான். ஆனால் அவர்களுக்கு அறிவிப்பு, பதில் சொல்ல அவகாசம், வல்லுநர் குழு, பசுமைத் தீர்ப்பாயத்தின் விசாரணை, மேல்முறையீடு என்று சட்டம் எல்லாப் படிகளையும் பொறுமையோடு ஏறியது. அந்தப் பொறுமைதான் சட்டத்தின் ஆட்சி. அதே மண்ணில் பிறந்த ஒப்பந்தத் தொழிலாளியின் மகனுக்கு மட்டும் அது ஏன் மறுக்கப்பட வேண்டும்?

இந்த அதிகாரத்தின் வரலாறு தமிழகத்துக்கு அந்நியமானதும் அன்று. விசாரணையின்றி அரசுக் கைதிகளை வைத்திருக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்துக்கென 1819ஆம் ஆண்டிலேயே ஒழுங்குமுறைச் சட்டம் செய்திருந்தது. விடுதலைக்குப் பின் தடுப்புக்காவலை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குச் சென்ற முதல் பெரும் வழக்கும் சென்னை மாகாணத்தினுடையதே. 1950இல் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தொடுத்தது அது. நெருக்கடி நிலையின்போது 1976இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டபின் மிசா என்னும் தடுப்புக்காவல் சட்டத்தில் அடைக்கப்பட்ட அக்கட்சியினர் சென்னை மத்திய சிறையில் தாக்கப்பட்டார்கள், மு.க. ஸ்டாலின் அவர்களுள் ஒருவர், அடிபட்ட சிட்டிபாபு பின்னர் உயிரிழந்தார், நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் அக்கொடுமைகளை விசாரித்தது. மிசா கைதிகள் என்று அந்நாளைய வேதனையைப் பெருமையோடு நினைவுகூரும் கட்சியும் சரி, அதற்கு எதிராக மாறி மாறி ஆண்ட கட்சியும் சரி, குண்டர் சட்டத்தைக் குறுக்க ஓரடியும் எடுத்து வைக்கவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரங்களில், தடுப்புக்காவல் கைதிகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல ஆண்டுகள் நாட்டிலேயே முதலிடத்தில் நின்றிருக்கிறது.

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் தமிழ்நாட்டில் பல கட்சிகளும் கண்டித்திருக்கின்றன, கண்டிக்க வேண்டியதுதான். 1979இல் தற்காலிகமாக வந்து, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டு, வழக்கின்றி 18 மாதங்கள் வரை தடுத்துவைக்க இடமளித்து, ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்களின் வாழ்வைச் சிதைத்த சட்டம் அது. காவல் அதிகாரியிடம் தந்த வாக்குமூலத்தையே சாட்சியமாக ஏற்பது போன்ற, குண்டர் சட்டத்தில் இல்லாத கொடிய பிரிவுகளும் அதில் உண்டு. இரண்டும் ஒன்றென்று சொல்வது பிழை. எனினும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தத் தடுப்புக்காலம் 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டது, அதுவும் போதாது என்று உலகெங்கும் உள்ள மனித உரிமை அமைப்புகள் சரியாகவே கண்டித்தன. அதே 12 மாதங்கள்தாம் இங்கே, போரோ கிளர்ச்சியோ இல்லாத ஒரு மாநிலத்தில், வழிப்பறிக் குற்றச்சாட்டுக்காக நாள்தோறும் பயன்படுத்தப்படுகின்றன. யாழ்ப்பாணத்து இளைஞனுக்கு அநீதி என்று தோன்றுவது வியாசர்பாடி இளைஞனுக்கு நீதியாகிவிடாது.

காவல்துறையே நீதிபதியாகவும் இருக்க விரும்பும் இந்த மனப்போக்கு குண்டர் சட்டத்தோடு நிற்கவில்லை. நன்னடத்தைப் பிணைப் பத்திரம் எழுதி வாங்குவதும், அதை மீறியதாகச் சொல்லிச் சிறைக்கு அனுப்புவதும் நிர்வாகத்துறை நடுவர்களின் அதிகாரமாகக் கருதப்பட்டு வந்தன. சென்னையில் அந்த அதிகாரத்தை 2013, 2014ஆம் ஆண்டுகளின் அரசாணைகள் காவல் துணை ஆணையர்களிடமே ஒப்படைத்தன. அந்த அரசாணைகள் அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டுக்கும் அரசியல் சட்டத்துக்கும் முரணானவை என்று 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்யும்வரை, வடசென்னையின் இளைஞர்கள் பலரும் காவல் அதிகாரியின் அலுவலகத்திலேயே காவல் அதிகாரியின் முன் நின்று, காவல் அதிகாரி சொன்னதைக் காவல் அதிகாரியே ஏற்றுச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். கைதாகிறவர் தப்பி ஓடும்போது வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டோடு படம்பிடிக்கப்படுவதும், ஊடகங்கள் அதை ஒரு வெற்றிச் செய்தியாக ஒளிபரப்புவதும் இதே போக்கின் அடுத்த படி. 2024 ஜூலை 5ஆம் தேதி பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொல்லப்பட்டபின், செப்டம்பருக்குள் மூவர் சென்னையில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அவர்களுள் முதலாமவர் அக்கொலை வழக்கில் கைதாகிக் காவலில் இருந்தவர். கொலையின் பின்னணியைப் பற்றி நீதிமன்றத்தில் அவர் சொல்லியிருக்கக்கூடியது எதுவாயினும் அது அவரோடு போயிற்று.

இதனால் இழப்பு யாருக்கு என்று பார்த்தால், ஆதரவாளர்களின் வாதம் அடியோடு சரிகிறது. ஓராண்டு உள்ளே வைத்தாயிற்று என்றதும் மூல வழக்கின் மீது காவல் நிலையத்துக்கு இருந்த அக்கறை தணிந்துவிடுகிறது; தடயங்கள் தேடப்படுவதில்லை; சாட்சிகள் வீடு மாறுகிறார்கள்; ஆண்டுகள் கழித்து வழக்கு விசாரணைக்கு வரும்போது விடுதலை கிடைக்கிறது; அந்த விடுதலையையே காட்டி, பாருங்கள், நீதிமன்றம் விட்டுவிடுகிறது, குண்டாஸ் தேவை என்று மறுபடியும் சொல்லப்படுகிறது. மாமூல் கொடுக்க மறுத்து அடிபட்ட கடைக்காரருக்கு, தம்மை அடித்தவர் குற்றவாளி என்று ஒரு நீதிமன்றம் சொல்லிக் கேட்கும் வாய்ப்பு கடைசிவரை கிடைப்பதில்லை. மறுபக்கம், சிறைப்பட்டவரின் மனைவி திருவொற்றியூரிலிருந்து பேருந்து மாறி மாறிப் புழலுக்குச் சென்று, மனு போட்டுச் சில நிமிடங்கள் பார்த்து, அன்றைய கூலியை இழந்து திரும்புகிறார். வெளியே வந்தவருக்குத் துறைமுக நுழைவுச் சீட்டுக்கும் ஆலை ஒப்பந்த வேலைக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு தடையாகிறது. நேர்வழி வேலைகள் ஒவ்வொன்றாக அடைபட, அவரை வரவேற்கக் காத்திருப்பது அவர் விட்டு விலகியிருக்க வேண்டிய கூட்டம் மட்டுமே. நாற்பதாண்டுகளுக்கு மேலாக இச்சட்டம் நடப்பில் இருந்தும் வடசென்னையில் ரவுடிகளின் கொட்டம் அடங்கவில்லை என்று அதன் ஆதரவாளர்களே சொல்லும்போது, மருந்தின் மீது கேள்வி எழ வேண்டாமா?

மாற்றுவழி இல்லை என்பதும் உண்மைக்குப் புறம்பானது. சாட்சிகளின் அச்சமே உண்மையான தடை என்றால், 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சட்டமாக அறிவித்த சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் மாநிலங்கள் அத்தகைய திட்டத்தை வகுக்க வேண்டும் என்கிறது. மிரட்டப்பட்ட சாட்சிக்குக் காவல் போடுவது, அடையாளத்தை மறைப்பது, தற்காலிகமாக வேறிடத்தில் தங்கவைப்பது ஆகியவற்றுக்குப் பணமும் ஆளும் ஒதுக்கினால் ஜாமீன் வாதத்தின் பெரும்பகுதி கரைந்துபோகும். தடுப்புக்காவலைக் குறுக்கவும் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நெருக்கடி நிலையின் படிப்பினையால் 1978இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 44ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் 3ஆவது பிரிவு, அறிவுரைக் கழகத்தின் கருத்தின்றி அடைக்கும் காலத்தை மூன்று மாதங்களிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே அமைக்க வேண்டும், அதன் தலைவர் பணியிலுள்ள நீதிபதியாக இருக்க வேண்டும் என்றது. அந்தப் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை ஒன்றிய அரசு இன்றுவரை வெளியிடவில்லை; வெளியிடுமாறு கட்டளையிட 1981 டிசம்பரில் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது. டெல்லி அசையட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லாதவையும் உண்டு. அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் தோன்றுவதைத் தடுக்கும் உட்பிரிவை நீக்குவது, நீதிமன்றக் காவலில் இருப்பவர் மீது ஆணை பிறப்பிப்பதைத் தடை செய்வது, ஆணை ரத்தானால் கழிந்த ஒவ்வொரு நாளுக்கும் இழப்பீடு தருவது, ஆணையிடும் அதிகாரத்தைக் காவல் ஆணையரிடமிருந்து எடுப்பது, எந்தக் காவல் நிலையத்திலிருந்து எத்தனை ஆணைகள், அவற்றுள் எத்தனை ரத்தாயின, மூல வழக்குகளில் எத்தனை தண்டனையில் முடிந்தன என்ற கணக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைப்பது ஆகிய அனைத்தும் மாநிலச் சட்டம் ஒன்றில் மாநிலச் சட்டமன்றமே செய்யக்கூடிய திருத்தங்கள். அவற்றுக்கு வேண்டியது புனித ஜார்ஜ் கோட்டையில் ஒரு நாள் விவாதமும், ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வாக்குக் கேட்டுச் சென்றவர்களின் கையொப்பமும்தான்.